ஹாலோபெரிடாலா, ரெசர்பினா? எலியின் வாயசைவை எண்ணப் போகிறவர்களுக்கு

மனச்சிதைவு மருந்துகளை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுத்துக்கொள்பவர்களில் சிலருக்கு வாயும் நாக்கும் தாமாகவே அசையத் தொடங்கும். இந்த டார்டிவ் டிஸ்கைனீசியாவை எம்.ஃபார்ம் ஆய்வுக்கு எடுத்தால், எலியில் அதை எந்த மருந்தால் உண்டாக்குவது என்று முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். நான் மனச்சிதைவு மருந்தான ஹாலோபெரிடாலை எடுத்தேன். பக்கத்து மேசையில் பழைய ரத்த அழுத்த மருந்தான ரெசர்பின் ஓடியது, அங்கேயும் எண்ணிக்கைக்குப் போய் உட்கார்ந்திருக்கிறேன். ஆகவே இது நடுநிலையான கட்டுரை இல்லை.

நாள் கணக்கில் ரெசர்பின்தான் ஜெயிக்கும். கிலோவுக்கு 1 மி.கி. வீதம் தோலுக்கடியில், ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டே ஊசி. அந்த வாரத்துக்குள் எண்ணி முடித்துவிடலாம். ஹாலோபெரிடால் என்றால் அதே 1 மி.கி. வயிற்றறைக்குள், தினமும், 21 நாள். இடையில் பொங்கல் வந்தால் ஹாஸ்டலே காலியாகிவிடும், ஊசி போட நீங்கள் மட்டும்தான் சென்னையில் இருப்பீர்கள். கிண்டி பல்கலைக்கழகத்துக்கு ஆய்வேடு அனுப்பும் தேதி நெருங்கும்போது பலர் ரெசர்பின் பக்கம் சாய்வது இதனால்தான். மருந்து கரைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பொடியும் தண்ணீரில் கரையாது, கொஞ்சம் அமிலம் வேண்டும். ரெசர்பினை வெளிச்சம் படாமல் வைத்து, அவ்வப்போது புதிதாகக் கலக்க வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது எலியின் உடல்நிலை. மூளை நரம்புகள் செய்தி கடத்தும் ரசாயனங்களில் ஒன்றான டோபமினை மட்டும் ரெசர்பின் தொடுவதில்லை. நரம்பு முனைகளில் டோபமின், நார்அட்ரினலின், செரடோனின் மூன்றையும் சேமித்து வைக்கும் பைகளையே காலி செய்கிறது. அதனால் இமை தொங்கும், வயிற்றுப்போக்கு வரும், உடல் சூடு இறங்கும், எலி முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடும். தீனித் தட்டு மேலே இருந்தால் எழுந்து போய்த் தின்னாது, எடை மளமளவென்று குறையும். மே மாதம் வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே ஏசி 22 டிகிரியில் ஓடும். அந்தக் குளிர் நல்ல எலிக்குச் சுகம், இதற்கு ஆபத்து. இந்த நிலையில் வாய் அசைந்தால், அது நீங்கள் தேடும் அசைவா, நோயாளி எலியின் பொதுவான தளர்ச்சியா? நீங்கள் சோதிக்கும் மூலிகைச் சாறு எண்ணிக்கையைக் குறைத்தால், அது மூளையில் வேலை செய்ததா, எலி தேறி நடமாட ஆரம்பித்துவிட்டதா? வாய்மொழித் தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் பதில் சொல்வது கஷ்டம்.

ஹாலோபெரிடால் எலியும் ஊசி போட்ட சில மணி நேரம் விறைத்துத்தான் நிற்கும். ஆனால் மறுநாள் காலையில் தின்னும், நடக்கும், உரோமத்தை நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். கடைசி ஊசி போட்டு 24 மணி நேரம் கழித்து எண்ணினால், உங்கள் முன்னால் இருப்பது ஓரளவு நலமான எலி. அதன் வாயசைவுக்கு அர்த்தம் இருக்கிறது.

இன்னொரு முரண்பாடும் இருக்கிறது. டோபமின் போன்றவற்றை அந்தப் பைகளுக்குள் ஏற்றுவது விமேட்-2 என்ற கடத்தி. ரெசர்பின் தடுக்கும் அதே கடத்தியைத்தான் டெட்ராபெனசின், வால்பெனசின் என்ற மருந்துகளும் தடுக்கின்றன. 2017-இல் அமெரிக்காவில் வால்பெனசினுக்கு அனுமதி கிடைத்ததே டார்டிவ் டிஸ்கைனீசியாவுக்கு மருந்தாகத்தான். நோயை உண்டாக்க ஒன்று, தணிக்க மற்றொன்று, இரண்டுக்கும் இலக்கு ஒன்றே. தடுக்கும் அளவும் விதமும் வேறு என்று விளக்கம் சொல்லலாம், ஆனால் விளக்க வேண்டியிருக்கிறது.

எண்ணும் முறை இரண்டுக்கும் பொதுவானது. எலியைக் கண்ணாடிப் பெட்டியில் விட்டுப் பழகவிட்டு, ஐந்து நிமிடம் பார்க்கிறோம். எதையும் கடிக்காமல் வெறும் வாயை மெல்வதையும் நாக்கை நீட்டுவதையும் எண்ண வேண்டும். உரோமம் நக்கும்போது எண்ணக் கூடாது. எலி முகத்தைத் திருப்பிக்கொள்ளும், எனவே பின்பக்கம் ஒரு கண்ணாடி வையுங்கள். எது எந்தக் குழு என்று எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. கம்பிச் சோதனையில் முன்னங்காலைக் கம்பிமேல் வைத்து, இறக்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்பது வேறு விஷயம். அது பார்க்கின்சன் போன்ற விறைப்பைத்தான் அளக்கும்.

சரி, ஹாலோபெரிடாலிலும் ஓட்டை இருக்கிறது. 21 நாளில் வரும் அசைவு உண்மையிலேயே ‘தாமதமாக’ வருவதா, மருந்தின் உடனடி விளைவா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எல்லா எலிக்கும் ஒரே அளவில் வருவதில்லை, வம்சத்துக்கு வம்சமும் மாறும். எனவே குழுவில் எலிகளைக் குறைவாக வைத்தால் மாட்டிக்கொள்வீர்கள். ஹாலோபெரிடால் டெகனோவேட் என்ற எண்ணெய் ஊசியைச் சில வாரத்துக்கு ஒருமுறை போட்டு மாதக்கணக்கில் ஓட்டும் முறை மனித நோய்க்கு இன்னும் நெருக்கம் என்கிறார்கள். நான் செய்ததில்லை, அவ்வளவு காலம் எலி வளர்க்கும் செலவை எந்த வழிகாட்டியும் தாங்குவாரா தெரியாது.

ரெசர்பின்தான் என்று முடிவாகிவிட்டால், விலங்கு நெறிக்குழு விண்ணப்பத்திலேயே எத்தனை சதவீதம் எடை குறைந்தால் அந்த எலியை ஆய்விலிருந்து எடுப்பீர்கள் என்று எழுதிவிடுங்கள். தினமும் எடை போடுங்கள், ஊறவைத்த தீனியைத் தரையிலேயே வையுங்கள். ரெசர்பின் இல்லாமல், கரைக்கும் திரவத்தை மட்டும் பெற்ற குழுவும் கட்டாயம் வேண்டும். அந்த அமிலம் போட்ட இடத்தில் எரியும்.