சிவப்பு அட்டை, 12 மாசம்: தொழுநோய்க்கு குடுக்கிற எம்.டி.டி. (3 மருந்து சேர்ந்த கூட்டு சிகிச்சை) ப்ளிஸ்டர் பேக், முழுசா சாப்பிட்டு முடிச்சவனோட ரிவ்யூ

மருந்து நிறுத்தி ஒன்றரை வருஷம் ஆச்சு. அதுக்கு முன்னாடியே எழுதியிருக்கலாம், ஆனா தோல் கலர் திரும்ப வருதா, கை சரியாகுதா, எல்லாத்தையும் பார்த்துட்டு எழுதணும்னு காத்திருந்தேன். இந்த நோய் வந்தவங்க யாரும் வெளிய சொல்றதில்ல, அதனால புதுசா அட்டையை கையில வாங்கினவங்க கேக்கறதுக்கு ஆள் இல்லாம தவிக்கிறாங்க, நானும் அப்படித்தான் தவிச்சேன், அதுக்காகத்தான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

எனக்கு முதல்ல வந்தது முழங்கைக்குக் கீழ ஒரு வெளுத்த தேமல். அரிப்பு இல்ல, வலி இல்ல. முதல்ல காட்டின இடத்துல படைன்னு சொல்லி க்ரீம் குடுத்தாங்க, 8 மாசம் தடவினேன், தேமல் 1 இருந்தது 7 ஆச்சு. அப்புறம் வேற ஒரு தோல் டாக்டர் மேடம், கண்ணை மூடிக்கோங்க, பேனா முனை படற இடத்தை விரலால காட்டுங்கன்னு சொன்னாங்க. நான் 3 இடம் காட்டினேன், அவங்க தொட்டது 6 இடமாம். அப்புறம் முழங்கை உள்பக்கம் எலும்புக்குப் பக்கத்துல விரலை வெச்சு உருட்டிப் பார்த்தாங்க, அந்த நரம்பு கயிறு மாதிரி தடிச்சிருந்துச்சு. இத்தனை நாள் என் கையிலேயே இருந்திருக்கு, நான் ஒருதடவை கூட தொட்டுப் பார்க்கல.

காது மடல்ல லேசா கீறி, வந்த நீரை கண்ணாடித் துண்டுல தடவி ஸ்மியர் எடுத்தாங்க. அந்த லேப்ல இருந்த தம்பி நல்ல மனுஷன், பார்க்கறீங்களாண்ணான்னு கேட்டு மைக்ராஸ்கோப்புல காட்டினாரு. நீல பின்னணியில சிவப்பு குச்சி குச்சியா, சிலது தனியா, நிறைய கத்தை கட்டி வெச்ச மாதிரி. அதுதான் மைக்கோபாக்டீரியம் லெப்ரே. அந்த ஒரு பார்வைக்கு அப்புறம்தான் இந்தக் கிருமியைப் பத்தி தேடித் தேடி படிக்க ஆரம்பிச்சேன், அதைப் புரிஞ்சுக்காம இந்த மருந்துக்கு ரிவ்யூ எழுத முடியாது.

சரி, அட்டைக்கு வரேன். 5 தேமலுக்கு மேல இருந்தாலோ ஸ்மியர்ல கிருமி தெரிஞ்சாலோ மல்டிபாசிலரி, அதாவது கிருமி அதிகமா இருக்கிற வகைல வரும், பெரியவங்களுக்கு சிவப்பு அட்டை. ஒரு அட்டை 28 நாளைக்கு, மொத்தம் 12 அட்டை. முதல் நாள் டோஸ் தனியா இருக்கும்: ரிஃபாம்பிசின் 300 மில்லிகிராம் 2, க்ளோஃபாசிமைன் 100 மில்லிகிராம் 3, டாப்சோன் 100 மில்லிகிராம் 1. இதை ஹெல்த் வொர்க்கர் முன்னாடி முழுங்கணும். மிச்ச 27 நாளும் தினம் ஒரு வெள்ளை டாப்சோன் மாத்திரை, ஒரு குட்டி பிரவுன் க்ளோஃபாசிமைன் கேப்சூல். இந்த டிசைனுக்கு முழு மார்க் குடுப்பேன், ஏன்னா எந்த நாள் விட்டுப்போச்சுன்னு அட்டையைப் பார்த்தாலே தெரியும், 3 பாட்டில்ல தனித்தனியா குடுத்திருந்தா நான் ரெண்டாவது மாசமே குழம்பியிருப்பேன். 1995-லேர்ந்து உலகம் முழுக்க இலவசமாத்தான் குடுக்கறாங்க, ஒரு பைசா கிடையாது.

எல்லாரும் கேக்கற கேள்வி, ஏன் 12 மாசம், சாதாரண இன்ஃபெக்‌ஷனுக்கு 5 நாள்தானேன்னு. நானும் 3-வது மாசம் எரிச்சலா கேட்டேன். பதில் கிருமிகிட்டதான் இருக்கு. குடல்ல இருக்கிற ஈ.கோலை மாதிரி பாக்டீரியா வசதியான சூழல்ல 20 நிமிஷத்துல ரெண்டாகும், டிபி கிருமிக்கு கிட்டத்தட்ட ஒரு நாள், இதுக்கு சுமார் 2 வாரம். உள்ள போனதுக்கும் முதல் தேமல் தெரியறதுக்கும் நடுவுல சராசரி 5 வருஷம், சிலருக்கு 20 வருஷம் கூட ஆகும்ங்கறாங்க. இவ்வளவு நிதானமா வாழற ஒண்ணை அவசரமா விரட்ட முடியாது.

எனக்கு ரொம்ப ஆச்சரியமா இருந்தது, இந்தக் கிருமியை இன்னிக்கு வரைக்கும் லேப்ல தட்டுல வளர்க்கவே முடியல. நார்வேல பெர்கன் ஊர்ல ஆர்மாயர் ஹான்சன்ங்கற டாக்டர் இதை மைக்ராஸ்கோப்புல பார்த்தது 1873-ல. இது பரம்பரை நோய்னு பெரிய டாக்டருங்களே நம்பின காலம் அது, மனுஷனுக்கு நோய் தர்ற பாக்டீரியான்னு முதன்முதலா அடையாளம் கண்டதுல இதுவும் ஒண்ணு. 150 வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் ஒரு தட்டுல வளரல. ஹான்சன் நிரூபிக்கணும்ங்கற வெறில ஒரு நோயாளிப் பெண்ணோட கண்ணுல, அவங்க சம்மதம் வாங்காம, இன்னொரு நோயாளிகிட்ட எடுத்ததை ஏத்தப் பார்த்தாரு, 1880-ல கோர்ட் அவரோட ஆஸ்பத்திரி வேலையைப் பறிச்சுது. அவரை மதிக்கிறேன், ஆனா அந்தம்மாவை நினைச்சா மனசு கனக்குது, நாம சாப்பிடற மாத்திரைக்குப் பின்னாடி இப்படிப்பட்டவங்களும் இருக்காங்க.

தட்டுல வளரலேன்னா மருந்து வேலை செய்யுதான்னு எப்படித்தான் டெஸ்ட் பண்றது? 1960-ல சார்லஸ் ஷெப்பர்டுன்னு ஒரு அமெரிக்க விஞ்ஞானி எலியோட பாதத்துல ஊசி போட்டு வளர்த்துக் காட்டினாரு. பாதம் ஏன்னா, இந்தக் கிருமிக்கு குளிர்ச்சியான இடம்தான் பிடிக்கும், 30-லேர்ந்து 33 டிகிரி செல்சியஸ் போல. நமக்கும் அதான் காது மடல், மூக்கு, கை கால் ஓரத்து நரம்புன்னு தேடிப் போய் உக்காருது. ஒரு எலி டெஸ்டுக்கே மாசக்கணக்கா காத்திருக்கணும். அப்புறம் 1971-ல கிர்ச்சைமர், எலினார் ஸ்டோர்ஸ்னு ரெண்டு விஞ்ஞானிங்க ஆர்மடில்லோவுல வளரும்னு காட்டினாங்க, அழுங்கு மாதிரி உடம்பெல்லாம் ஓடு போட்ட அமெரிக்கப் பிராணி, அதோட உடம்புச் சூடு நம்மளவிட கம்மி, ஒரு பிராணிகிட்டேர்ந்தே ஏகப்பட்ட கிருமி எடுக்கலாம்.

அந்த ஆர்மடில்லோவுல வளர்த்த கிருமியை வெச்சுத்தான் 2001-ல ஸ்டூவர்ட் கோல்ங்கற விஞ்ஞானியோட டீம் முழு ஜீனோமையும், அதாவது கிருமியோட மொத்த மரபணு எழுத்தையும் படிச்சு வெளியிட்டாங்க. அவங்க எடுத்துக்கிட்ட ஸ்ட்ரெயினோட (கிருமி வகையோட) பேர் டி.என்., அப்படின்னா தமிழ்நாடு, இங்க ஒரு நோயாளிகிட்டேர்ந்து போனது. யாரோ என்னை மாதிரி ஒருத்தர், காது மடலோ தேமலோ கீறக் குடுத்து உக்காந்திருப்பாரு, தன்கிட்டேர்ந்து எடுத்தது உலகத்துக்கே பாடமாகப் போகுதுன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல. மொத்தம் சுமார் 32.7 லட்சம் எழுத்து, அதுல வேலை செய்யற ஜீன் 1,600 சொச்சம், செத்துப்போய் சும்மா கிடக்கற ஜீன் 1,100-க்கு மேல. இதோட சொந்தக்காரனான டிபி கிருமிக்கு சுமார் 4,000 ஜீன். அதாவது இது தன் சமையல் சாமானையெல்லாம் தொலைச்சுட்டு அடுத்தவன் வீட்டுலயே உக்காந்து சாப்பிடற கிருமி, நம்ம செல்லுக்குள்ள இருந்தாத்தான் பிழைக்கும், அதனாலதான் தட்டுல வெச்சா வளர மாட்டேங்குது.

இப்ப அந்த 3 மருந்து. டாப்சோனை ஜெர்மனில 1908-லயே செஞ்சுட்டாங்க, யாரும் இந்த நோய்க்குன்னு யோசிக்கல. 1941-ல அமெரிக்காவுல கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரில ஃபாஜேங்கற டாக்டர், அதே குடும்பத்து ப்ரோமின்ங்கற மருந்தை ஊசியா போட்டு புண் ஆறுறதைக் காட்டினாரு, அதுக்கப்புறம் டாப்சோன் மாத்திரையாவே வந்துச்சு. ரிஃபாம்பிசினோட மூலம் 1957-ல பிரான்ஸ் கடலோர மண்ல கிடைச்ச ஒரு நுண்ணுயிர், இத்தாலில மிலான் லேப்ல உருவாக்கினது. க்ளோஃபாசிமைன் அயர்லாந்துல டப்ளின்ல வின்சென்ட் பாரி டீம் டிபிக்குன்னு தேடினது, அதுக்கு சரிப்படல, இங்க வந்து உயிர் காப்பாத்துது.

மூணையும் ஏன் சேர்த்து குடுக்கணும்னா, டாப்சோனை மட்டும் வருஷக்கணக்கா குடுத்துட்டிருந்தாங்க, 1964-ல பெட்டிட், ரீஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க மலேசிய நோயாளிங்க கிருமியை எலி பாதத்துல ஏத்திப் பார்த்து, அது டாப்சோனுக்கு மசியலைன்னு நிரூபிச்சாங்க. அப்புறம் அந்த எதிர்ப்பு பல நாட்டுல பரவுச்சு, 1981-ல உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துன்னு முடிவு பண்ணுச்சு. ஒரு மருந்துக்கு தப்பிச்ச கிருமியை இன்னொண்ணு பிடிக்கும், அவ்வளவுதான் லாஜிக். பெரிய கொலையெல்லாம் ரிஃபாம்பிசின்தான் பண்ணுது, முதல் டோஸ்லயே உயிரோட இருக்கிற கிருமியில பெரும்பகுதி போயிடும், சீக்கிரமே நம்மகிட்டேர்ந்து பரவறதும் நின்னுடும். எங்க வீட்டுல எனக்கு தனி தட்டு தனி பாய்னு ஆரம்பிச்சாங்க, இதை டாக்டர் மேடமே அம்மாகிட்ட போன்ல சொன்னதுக்கப்புறம்தான் நின்னுச்சு. கூட இருந்தவங்க எல்லாருக்கும் ஒரே ஒரு டோஸ் ரிஃபாம்பிசின் குடுத்தாங்க, பங்களாதேஷ்ல பெரிய அளவுல பண்ணின ஆராய்ச்சில இது முதல் 2 வருஷத்துல புதுசா நோய் வர்றதை 57 சதவீதம் குறைச்சுது, 2018-லேர்ந்து உலக சுகாதார நிறுவனமும் சிபாரிசு பண்ணுது. பொதுவாவே 95 சதவீதம் பேருக்கு இந்தக் கிருமி உள்ள போனாலும் நோய் வராதுங்கறாங்க.

சைட் எஃபெக்ட். ரிஃபாம்பிசின் சாப்பிட்ட அன்னிக்கு யூரின் சிவப்பா போகும், முதல் தடவை ரத்தம்னு நினைச்சு பாத்ரூம்லயே கால் நடுங்கிடுச்சு, மறுநாள் சரியாயிடும். டாப்சோனுக்கு ரத்தம் குறையலாம், எனக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்குச்சு, சமாளிச்சுட்டேன், ஆனா முதல் 6 வாரத்துல காய்ச்சலோட உடம்பெல்லாம் தடிச்சா உடனே ஓடணும், அது சிலருக்கு உயிருக்கே ஆபத்தான அலர்ஜி.

க்ளோஃபாசிமைன்தான் மனசை ரொம்ப கஷ்டப்படுத்துச்சு. 3-வது மாசத்துலேர்ந்து முகம் கருக்க ஆரம்பிச்சுது, சும்மா வெயில்ல கருத்த மாதிரி இல்ல, செம்பு கலந்த கருப்பு, தேமல் இருந்த இடம் இன்னும் கருப்பு. கால்ல தோல் மீன் செதில் மாதிரி வறண்டுச்சு, எண்ணெய் தடவித் தடவித்தான் ஓட்டினேன். நோயை மறைச்சவனுக்கு மருந்தை மறைக்க முடியல. கல்யாண வீட்டுக்கெல்லாம் போகல. நிறுத்தினதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சு, 10 மாசத்துல பழைய கலர் வந்துடுச்சு. இது கண்டிப்பா போகும், இதுக்காக யாரும் அட்டையை நிறுத்தாதீங்க.

என்னோட பெரிய குறை ரியாக்‌ஷன் விஷயம். 5-வது அட்டைல இருக்கும்போது ஒருநாள் காலைல தேமல் எல்லாம் சிவந்து வீங்கி, முழங்கை நரம்பு தொட்டா உயிர் போற வலி, பட்டன் போட முடியல. மருந்து ஒத்துக்கலைன்னு நினைச்சு அட்டையை தூக்கி வெச்சுட்டேன். தப்பு. அது மருந்தோட விஷம் இல்ல, நம்ம உடம்போட எதிர்ப்பு சக்தி நரம்புல இருக்கிற கிருமி மேல பாயறது, சண்டைல நரம்பு நசுங்குது. மாத்திரை குடுத்த இடத்துல இதைப் பத்தி யாரும் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லல, என் கைக்கு வந்த அட்டைலயும் பெரிய எழுத்துல ஒண்ணும் இல்ல. நல்லவேளை அண்ணன் திட்டி மூணாவது நாளே டாக்டர் மேடம்கிட்ட கூட்டிட்டுப் போனான். ப்ரெட்னிசலோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பிச்சு மாசக்கணக்கா படிப்படியா குறைச்சாங்க, அட்டையையும் கூடவே தொடரச் சொன்னாங்க. அன்னிக்கு 3 வாரம் தள்ளிப் போட்டிருந்தா கை மடங்கியே போயிருக்கும்னு அவங்க சொன்னது இன்னும் காதுல இருக்கு. அட்டை வாங்குற முதல் நாளே இதைக் கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க, அவங்க சொல்லலேன்னா நீங்க கேளுங்க.

இன்னொரு விஷயம், 12 அட்டை முடிச்சு ஸ்மியர் எடுத்தா மறுபடியும் கிருமி தெரிஞ்சுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அந்த லேப் தம்பி மறுபடியும் உக்கார வெச்சு காட்டினாரு, முதல்ல பார்த்தப்ப முழுக் குச்சியா இருந்ததெல்லாம் இப்ப துண்டு துண்டா, புள்ளி புள்ளியா. அண்ணா இது எல்லாம் பொணம், உடம்பு இதையெல்லாம் கூட்டித் தள்ள வருஷக்கணக்காகும்னாரு. அதனால முடிஞ்சதும் ஸ்மியர் பாசிட்டிவ்னு வந்தா பயப்படாதீங்க.

5-க்கு 4.5 குடுக்கறேன். அந்த அரை மார்க் ரியாக்‌ஷன் பத்தி சொல்லாததுக்கு. கிருமியைக் கொல்ற வேலையை அட்டை சுத்தமா முடிச்சுடுச்சு, ஆனா செத்த நரம்பை உயிர்ப்பிக்க இதுல ஒண்ணும் இல்ல, நரம்பைச் சுத்தி உறை மாதிரி இருக்கிற ஷ்வான் செல்லுக்குள்ள இந்தக் கிருமி நுழைஞ்சு என்ன பண்ணுதுன்னு இன்னும் ஆராய்ச்சி நடந்துட்டுத்தான் இருக்கு. போன செக்கப்புல டாக்டர் மேடம் மெல்லிசு நைலான் இழையால உள்ளங்கைல ஒவ்வொரு இடமா தொட்டாங்க, நான் கண்ணை மூடிட்டு ஆமா ஆமான்னு சொல்லிட்டே வந்தேன், எல்லா இடமும் தெரிஞ்சுது, சுண்டுவிரல் நுனில மட்டும் அவங்க ரெண்டு தடவை தொட்டும் நான் எதுவும் சொல்லல.