பிக்கப் பெட்டிக்குள் புழுதி: ரப்பர் பட்டையா, கூரைக் காற்றுத்துளையா?

ஆஸ்திரேலியாவின் செம்மண் சாலைகளில், பின்பக்கச் சாமான் பெட்டிக்குக் கூரைபோல் மூடி போட்ட ஹைலக்ஸ், ரேஞ்சர் போன்ற பிக்கப் வண்டிகளின் பெட்டிக்குள் புழுதி நுழைவது பெரும்பாலும் பின்கதவு வழியாகத்தான். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறைந்து புழுதி சுழலும். பெட்டிக்குள்ளும் அழுத்தம் குறைந்தால் கீல் இடுக்கு அதை உறிஞ்சிவிடும்.

கதவு இடுக்கில் ஒட்டும் இ.பி.டி.எம். (வெயில், மழை தாங்கும் செயற்கை ரப்பர்) பட்டை மலிவு. வண்டி ஊர்ந்து போனாலும் தடுக்கும். ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். பட்டையை இழுத்து ஒட்டக் கூடாது. பிறகு சுருங்கி மூலைகளில் வாய் பிளக்கும். ஒரு தாளை இடுக்கில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அங்கே இடைவெளி. ரொம்பத் தடித்த பட்டை என்றால் பூட்டே விழாது. தொல்லை பிடித்த இடம் கீல் பக்கம்தான்: உள்ளே வெற்றான குழாய் வடிவப் பட்டை அங்கே நசுங்கிக் கிழியும், அகலமான ரப்பர் மடிப்பு வேண்டும்.

பெட்டி மூடியின் கூரையில் முன்நோக்கி வைக்கும் காற்றுத்துளை, வடிகட்டிய காற்றை உள்ளே தள்ளி அழுத்தத்தை ஏற்றும். வேகம் இருந்தால்தான் பலன். ஃபோம் வடிகட்டி அடைத்தாலும், முன்னால் போகும் வண்டியின் புழுதியை ஒட்டியே போனாலும் கெட்டது. கூரையையும் அறுக்க வேண்டும்.

பட்டை இல்லாமல் துளை மட்டும் போடுவது ஓட்டை வாளியில் தண்ணீர் பிடிப்பது மாதிரி. பட்டை ஒட்டிய பிறகும் சாமான்மேல் செம்பொடி படிந்தால் மட்டும் டிரில்லைத் தொடுங்கள்.