புது வண்டியின் முதல் 322 கிலோமீட்டரை ஓட்டியவர் நானல்ல

புதுக் காரை முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு விரட்டி ஓட்டலாமா, பொத்திப் பொத்தி ஓட்ட வேண்டுமா என்று நண்பர்கள் வாதிடும்போதெல்லாம் நானும் ஒரு கருத்து சொல்லிக்கொண்டிருந்தவன்தான். அந்த வாதத்துக்கே இடமில்லாமல், என் வண்டியின் ரன்னிங்-இன் காலத்தில் (புது எஞ்சின் படியும்வரை பக்குவமாக ஓட்ட வேண்டிய முதல் ஆயிரம் கிலோமீட்டரில்) மூன்றில் ஒரு பங்கை ஷோரூம்காரர்களே ஓட்டித் தீர்த்துவிட்டுத்தான் சாவியைக் கையில் கொடுத்தார்கள் என்பதை நான் கவனிக்கத் தவறினேன். திருச்சியில் வண்டி எடுக்கவிருப்பவர்களுக்கும், வேறு ஊர் யார்டிலிருந்து (புது வண்டிகளை நிறுத்திவைக்கும் இடம்) வண்டி வரக் காத்திருப்பவர்களுக்கும் இது பயன்படலாம்.

நாங்கள் கேட்ட நிறம் திருச்சியில் இல்லை. ஆடி கழிந்து ஆவணி பிறந்த முதல் முகூர்த்தத்திலேயே வண்டி வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருந்ததால், சென்னைப் புறநகர் யார்டிலிருந்து வரவழைத்துத் தருவதாக விற்பனையாளர் உறுதியளித்தார். எப்படி வரவழைப்பார்கள் என்று நான் கேட்கவில்லை. கேரியர் லாரியில் வரும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன். டெலிவரி நாளன்று நல்ல நேரம் முடிய இருபது நிமிடம் இருக்கும்போதுதான் வண்டியைக் கண்ணில் காட்டினார்கள். மாலை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மீது சக்கரத்தை ஏற்றி இறக்கிய பிறகே ஓடோமீட்டரைப் பார்த்தேன். அதில் 346 கிலோமீட்டர் இருந்தது. கேட்டதற்கு, "யார்டு மூவ்மென்ட் சார், எல்லா வண்டிக்கும் இருக்கும்" என்றார் விற்பனையாளர். ரன்னிங்-இன் பற்றிக் கேட்டபோது, "இப்ப வர்ற எஞ்சினுக்கு அதெல்லாம் கிடையாது சார், நீங்க தாராளமா மிதிக்கலாம்" என்றார்.

அன்று மாலை வண்டியின் முகப்பைத் துடைக்கும்போது, கழுவிப் பளபளப்பாக்கியிருந்த பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கிடையே ஈசல்களும் பூச்சிகளும் கருகி ஒட்டியிருந்ததைக் கண்டேன். இரவு நெடுஞ்சாலையில் வேகமாக வந்த வண்டியில்தான் அப்படி ஒட்டும். என் மகள் காலையில் எடுத்த டேஷ்போர்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது மீதியும் விளங்கியது. ஒரு பயணத்தின் கணக்கை மட்டும் தனியாகக் காட்டும் டிரிப் மீட்டர்களில், யாரும் அழிக்க நினைக்காத இரண்டாவது மீட்டர் 322 கிலோமீட்டர், சராசரி வேகம் மணிக்கு 79 கிலோமீட்டர், ஒரு லிட்டருக்கு 9.8 கிலோமீட்டர் என்று காட்டிக்கொண்டிருந்தது. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று சுங்கச்சாவடிகளில் நின்று நின்று வந்தும் சராசரி 79 வர வேண்டுமென்றால், இடையில் எவ்வளவு நேரம் நூறுக்கு மேல் போயிருக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். 2019 ஜூலைக்குப் பிறகு தயாரான கார்கள் 80-ஐத் தாண்டினால் விட்டுவிட்டும் 120-ஐத் தாண்டினால் இடைவிடாமலும் ஒலியெழுப்பும். அந்த ஓட்டுநர் வழியெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டேதான் வந்திருப்பார்.

என் வண்டியின் கையேடு முதல் 1,000 கிலோமீட்டருக்கு எஞ்சின் சுழற்சி நிமிடத்துக்கு 4,000-ஐத் தாண்டக் கூடாது என்றும், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டக் கூடாது என்றும் சொல்கிறது. ஹூண்டாய் கையேடுகளும் (என் வண்டி அதுவன்று) தனியாக ரன்னிங்-இன் தேவையில்லை என்று தொடங்கி, அடுத்த வரியிலேயே 2,000 முதல் 4,000 சுழற்சிக்குள் ஓட்டச் சொல்கின்றன. சிலிண்டரின் உட்சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கீறல்கள் இட்டே எஞ்சினைப் பூட்டுகிறார்கள். உள்ளே எரியும் வாயுவின் அழுத்தம், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளை அந்தச் சுவரோடு அழுத்த, இரண்டும் சற்றே தேய்ந்து ஒன்றோடொன்று படிய வேண்டும். மிகவும் மெதுவாகவே ஓட்டினால் சுவர் மெருகேறி வழவழப்பாகி ரிங் படியாமல் போகும். ஓயாமல் விரட்டினால் படிவதற்கு முன்பே சூடேறி உரசும். ரிங் சரியாகப் படியாவிட்டால் எஞ்சின் ஆயில் அதைத் தாண்டிப் போய் எரிந்து குறையலாம். ஆகவே விரட்டச் சொல்பவர்கள் பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அவர்களும்கூட, யார்டில் நின்ற வண்டியை எடுத்த எடுப்பில் நான்கு மணி நேரம் ஒரே மிதியாக மிதிக்கச் சொல்லமாட்டார்கள்.

முதல் சர்வீஸில் எஞ்சின் ஆயில் மேல் கோட்டில் இருந்தது. அதற்கடுத்த 2,000 கிலோமீட்டரில், ஞாயிறு காலையில் ஆயில் அளவுகோலை (டிப்ஸ்டிக்) உருவித் துடைத்துப் பார்க்கும் என் அப்பா காலத்துப் பழக்கத்தால், ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இறங்கியிருந்ததைக் கண்டேன். ஏறக்குறைய ஒரு லிட்டர் குறைந்திருந்தது. கீழே ஒழுகிய தடயம் எதுவும் இல்லை. எடுத்துக்கொண்டு போனால், ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை அனுமதிக்கப்பட்ட அளவுதான் என்றார் சர்வீஸ் அட்வைசர். சில நிறுவனங்கள் அப்படி எழுதியிருப்பது உண்மையே. ஆனால் ஜாப் கார்டில் (சர்வீஸ் பதிவுச் சீட்டு) அவர் எழுதியது வேறு: "ரன்னிங்-இன் காலத்தில் வாடிக்கையாளர் வண்டியை வேகமாக ஓட்டியிருக்கலாம்." விற்கும்போது இல்லாத ரன்னிங்-இன், வாரண்டி கேட்டதும் எங்கிருந்தோ முளைத்துவிட்டது.

மகள் எடுத்த படத்தைக் காட்டியதும் அவர் குரல் இறங்கியது. ஆயில் குறைவதற்கு அந்த ஓட்டம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. அதை ஒப்புக்கொண்டுதான் பேசினேன். ஆயில் எவ்வளவு குறைகிறது என்று பார்க்க, இப்போது அதை நிரப்பி, மூடிக்கு முத்திரை வைத்து, 1,000 கிலோமீட்டர் ஓட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரும் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்ல இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது.

வெளியூரிலிருந்து வண்டி வருமென்றால், லாரியில்தான் வர வேண்டும் என்பதைப் புக்கிங் படிவத்திலேயே எழுதி வாங்குங்கள். பணம் முழுவதையும் கட்டுவதற்கு முன், பூசைக்கு முதல் நாளே பகல் வெளிச்சத்தில் வண்டியைப் பார்த்து, ஓடோமீட்டரையும் இரண்டு டிரிப் மீட்டர்களையும் படமெடுத்து, அந்த எண்ணை டெலிவரி நோட்டில் ஏற்றச் சொல்லுங்கள். மறுத்தால் முகூர்த்தம் போனாலும் பரவாயில்லை, வண்டியை எடுக்காதீர்கள்.

ஜாப் கார்டில் உள்ள அந்த ஒரு வரியை அடித்துத் திருத்தும்வரை கையெழுத்திட மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். முத்திரை வைத்த பிறகு இன்றோடு 410 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.