டிக்கிக் கீறலுக்கு ஹீட் கன்: இரண்டு கோடை தாண்டிய அனுபவம்

காரைக்குடிப் பக்கம் ஒரு காரின் டிக்கியைத் திறந்து பார்த்தாலே அந்த வீட்டில் எத்தனை விசேஷம் நடந்திருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். குத்துவிளக்கு, பித்தளை அண்டா, எவர்சில்வர் தூக்கு, போதாததற்கு வீட்டு வேலைக்கு ஆத்தங்குடிக் கல். இதெல்லாம் ஏறி இறங்கும்போது டிக்கி வாயில் இருக்கும் பிளாஸ்டிக்கை உரசாமல் போகாது. என் வண்டியிலும் கறுப்பு பிளாஸ்டிக் முழுக்க வெள்ளை வெள்ளையாய்க் கோடு. கதவின் உள்பக்கம் இருக்கும் டோர் பேடின் கீழ்ப்பகுதியில் செருப்பு உரசிய தடம் வேறு.

பக்கத்து வீட்டு ஆச்சி பார்த்துவிட்டு, "தேங்காயெண்ணெயைத் தொட்டு ஒரு இழுப்பு இழு தம்பி, போயிரும்" என்றார். போகத்தான் செய்தது, ஒரு வாரத்துக்கு. அப்புறம் நம்ம ஊர் செம்மண் தூசி எண்ணெயில் அப்பிக்கொண்டு கறுப்பு பழுப்பானது. கடையில் விற்கும் சிலிக்கோன் ஸ்பிரேயும் ஏறக்குறைய இதே ரகம்தான். டேஷ்போர்டில் அடித்தால் வெயிலில் முன்கண்ணாடியில் பளிச்சென்று பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கும். ஸ்டியரிங்கிலும் பெடலிலும் படவே கூடாது, வழுக்கும். பிளாஸ்டிக்கில் பூசுவதற்கென்று தண்ணீர் கலவையில் பால் மாதிரி வரும் டிரெஸ்ஸிங் மட்டும் பரவாயில்லை. பளபளப்பு இல்லாமல் நிற்கிறது, தூசியும் அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஆனால் அதுவும் கீறலை மறைக்கிறதே தவிர சரிசெய்வதில்லை.

அந்த வெள்ளைக் கோடு பெயின்ட் போனதால் வருவதல்ல. இந்தச் சொரசொரப்பான கறுப்பு பிளாஸ்டிக் பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன், உள்ளே முழுக்க அதே நிறம்தான். கீறும்போது மேற்பரப்பு நுண்ணிய பிசிறாகக் கிளம்பி, ஒளியைச் சிதறடித்து வெளுப்பாகத் தெரிகிறது. பிசிறை மறுபடி படியவைத்தால் கறுப்பு திரும்பிவிடும். அதற்குத்தான் சூடு.

முதலில் சோப்புத் தண்ணீரும் பழைய டூத்பிரஷ்ஷும். டோர் பேடில் கீறல் என்று நினைத்ததில் பாதி, செருப்பு ரப்பர் ஒட்டிய கறை, தேய்த்ததும் போய்விட்டது. மிச்சத்துக்குத்தான் ஹீட் கன், அதாவது சூடான காற்றை ஊதும் கைக்கருவி. பாலிப்ரொப்பிலீன் உருகுவது ஏறக்குறைய 160 டிகிரியில். ஹீட் கன் வாயிலிருந்து வரும் காற்றோ 300 டிகிரிக்கு மேல் போகும், சில கன்களில் 600 வரை. அதனால் குறைந்த சூட்டில் வைத்து, ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பிறகு சட்டென்று, ஈரம் பட்ட கருங்கல் போல, கோடு கறுத்து உள்ளே அமுங்கும். அந்த நொடியில் கன்னை விலக்கிவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் என்று நின்றால் பிளாஸ்டிக்கின் சொரசொரப்பு படுத்துப் பளபளவென்று ஒரு திட்டு விழும். போன சொரசொரப்பைத் திருப்பிக் கொண்டுவர வழியில்லை. சூடாக இருக்கும்போது விரலால் அழுத்திப் பார்க்கவும் கூடாது. முதலில் கண்ணுக்குத் தெரியாத ஓரத்தில் காட்டிப் பழகிக்கொள்வது நல்லது.

பலன்? இரண்டு கோடை வெயிலில் வண்டி வெளியே நின்ற பிறகும் சூட்டில் மறைந்த கோடு எதுவும் மறுபடி வெளுக்கவில்லை. பக்கத்திலேயே புதுக்கோடுகள் விழுந்திருக்கின்றன, அது எங்கள் வீட்டுச் சாமான்களின் கைங்கரியம். ஆழமான பள்ளம் மட்டும் சூட்டில் தீராது. வெளுப்பு போகும், குழி அப்படியே இருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும். அதில் பட்டி பூசிப் பெயின்ட் அடித்துத் தருகிறேன் என்பார்கள். பாலிப்ரொப்பிலீனில் பசையோ பெயின்டோ லேசில் பிடிக்காது, அதற்கென்று தனி பிரைமர் அடிக்க வேண்டும். உறவினர் ஒருவருக்கு ஒரு பட்டறையில் அது இல்லாமல் பூசிக் கொடுத்தார்கள். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, பொருக்காகப் பெயர்ந்துவிட்டது. குழி அவ்வளவு உறுத்தினால் பழைய பாகம் விற்கும் கடையில் அதே மாடல் பேனலைத் தேடி மாற்றுவதே மேல். கிளிப்பையும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், கழற்றும்போது ஒன்றிரண்டு கட்டாயம் உடையும்.

ஏர்பேக் என்றோ எஸ்.ஆர்.எஸ். என்றோ எழுதியிருக்கும் இடத்தில் சூடு, பட்டி, பெயின்ட் எதுவுமே வேண்டாம். விபத்தின்போது ஏர்பேக் மேல் இருக்கும் அந்த மூடி சரியான இடத்தில் கிழிந்து திறக்க வேண்டும்.

கியர் பக்கத்தில் இருக்கும் பளபளக் கறுப்பு பிளாஸ்டிக் வேறு சாதி. அதற்குச் சூடு ஆகாது. செம்மண் தூசியோடு உலர்ந்த துணியால் துடைத்தாலே மயிரிழைக் கோடு விழும். பிளாஸ்டிக் பாலிஷ் போட்டுக் கையால் தேய்த்தால் குறைகிறது, கொஞ்ச நாளில் மறுபடி வந்துவிடுகிறது. நான் கடைசியில் ஒளி ஊடுருவும் ஃபிலிம் ஒட்டிவிட்டேன். இப்போது ஓரம் லேசாகத் தூக்கியிருக்கிறது, ஆனால் அடியில் புதுக்கோடு இல்லை.