விசுவமடு முற்றத்தில் ஒரு ஐந்தங்குலத் தொலைநோக்கி: வாங்கலாமா?

முதலில் சாமானைச் சொல்லிவிடுகிறேன். 130 மில்லிமீற்றர், அதாவது ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய கண்ணாடி வைத்த தெறிப்புத் தொலைநோக்கி. குவியத்தூரம் 650 மில்லிமீற்றர். முக்காலி கிடையாது. மேசையில் வைத்துக் கையால் சுழற்றுகிற பலகைத் தளம்தான். குழாயை இழுத்தால் நீளும், தள்ளினால் பாதியாகச் சுருங்கும். பெட்டிக்குள் கண்ணை வைத்துப் பார்க்கிற 25, 10 மில்லிமீற்றர் பார்வைத்துண்டுகள் இரண்டும், குறி வைக்கச் சிவப்புப் புள்ளி காட்டுகிற சின்னக் கருவி ஒன்றும் வரும். ஒரே சாமானை நாலைந்து பெயர் ஒட்டி விற்கிறார்கள் என்பதால் பெயரை விட்டுவிடுகிறேன். என்னுடையதை ரொறன்ரோவில் இருக்கிற மச்சான் ஊருக்கு வரும்போது கொண்டுவந்தார். காசு நான்தான் கொடுத்தேன். என் ஒரு மாத உழைப்புக்குக் கிட்ட வந்தது.

நான் வயரிங் வேலை செய்கிறவன். பகலில் ஊரெல்லாம் எல்.ஈ.டி. பல்ப் பூட்டிவிட்டு இரவில் வந்து வெளிச்சம் கூடிப்போச்சு என்று புறுபுறுக்கிறேன் என்று வீட்டில் நக்கலடிப்பார்கள். ஆனாலும் பரந்தன் – முல்லைத்தீவு ஏ35 வீதியை விட்டு உள்ளே ஒரு கிலோமீற்றர் போனால், நிலவில்லாத நாளில் பால்வீதி இன்னும் பளிச்சென்று கிடக்கிறது. 2022இல் மணிக்கணக்காகக் கரண்ட் போன காலத்தில் கிளிநொச்சி ரவுணிலேயே தெரிந்தது. இந்தக் கருவிக்கு நான் கொடுக்கிற புள்ளியில் பாதி அந்த இருட்டுக்கு உரியது. கொழும்பில் வைத்துப் பார்க்கிறவர் இதே சாமானைப் பற்றி வேறு மாதிரி எழுதினால் சண்டைக்குப் போகமாட்டேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீளமான, மெல்லிய, 60 மில்லிமீற்றர் வில்லை வைத்த குழாய்களின் பெட்டியில் "525 மடங்கு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அப்படிப் போட்டிருந்தால் அந்தப் பெட்டியைத் திரும்ப வைத்துவிடுங்கள். ஒரு மில்லிமீற்றர் விட்டத்துக்கு இரண்டு மடங்கு என்பதுதான் உருப்பெருக்கத்துக்கு உச்ச எல்லை. 60க்கு 120. அதற்கு மேலே போனால் கலங்கல்தான் பெரிதாகும். 130க்கு 260 வரை இழுக்கலாம் என்பது கணக்கு. பெட்டியோடு வருகிற இரண்டு துண்டுகளும் 26 மடங்கும் 65 மடங்கும்தான் தருகின்றன, தொடக்கத்துக்கு அது தாராளம். காசு மடங்குக்கு இல்லை, வெளிச்சத்துக்கு. இந்தக் கண்ணாடி 60 மில்லிமீற்றர்க் குழாயைப்போல் நாலு மடங்குக்கு மேல் வெளிச்சத்தை அள்ளும்.

மேசையில் வைப்பது என்கிறார்களே, அந்த மேசைதான் பிரச்சினை. பிளாஸ்ரிக் மேசையில் வைத்தால் தொட்டதும் வியாழன் ஆடத் தொடங்கி, ஆடி ஓய ஒரு யுகமாகும். நான் அம்மாவின் பழைய உரலைக் கவிழ்த்து, மேலே ஒரு பலகையை அறைந்து அதில் வைத்திருக்கிறேன். அசைக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு கதிரையைப் போட்டு இருந்து பார்த்தால் முதுகும் நோகாது. குழாயைத் திருப்பும்போது தளம் வழுக்கிக்கொண்டு போகிறது, விட்ட இடத்தில் நிற்கிறது. இந்த விலைக்கு வேறெந்தத் தாங்கியும் இப்படி ஒத்துழைக்காது.

ஒரேயொரு இடத்தில்தான் சறுக்கும், உச்சந்தலைக்கு நேரே. இந்த வகைத் தளம் இடம் வலமாகவும் மேல் கீழாகவும் மட்டும் அசையும். நேர் மேலே பார்த்துக்கொண்டிருக்கும்போது பொருள் ஒரு விரல் நகர்ந்தால் தளத்தை அரைவட்டம் சுற்றவேண்டியிருக்கும். கருந்துளை இருக்கிற இடங்களைத் தேடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஏனென்று சொல்கிறேன்.

என் மருமகள் உயர்தரத்தில் பௌதிகம் படிக்கிறாள். 2019 ஏப்ரல் 10 அன்று வெளிவந்த, கருந்துளை ஒன்றின் முதல் படமான அந்தச் செம்மஞ்சள் வளையத்தை இன்னும் போனின் முகப்பில் வைத்திருக்கிறாள். பெட்டி பிரித்த அன்று அவள் கேட்ட முதல் கேள்வி, "மாமா, உதுக்குள்ள கருந்துளை தெரியுமோ?" தெரியாது. எதற்குள்ளும் தெரியாது. அந்தப் படத்தை எடுக்கவே பூமியின் பல மூலைகளில் இருந்த எட்டு வானொலித் தொலைநோக்கிகளை ஒன்றாக இணைக்க வேண்டியிருந்தது. ஆனால் அந்தக் கருந்துளை குடியிருக்கிற, எங்கள் பால்வீதிபோல் இன்னொரு அண்டமான எம்87 இந்தக் கண்ணாடிக்குத் தெரியும். பங்குனி உத்தரத்துக்குப் பெயர் கொடுத்த உத்தரம் என்ற வெள்ளியிலிருந்து கன்னிக் கூட்டத்தின் விண்டெமியாட்ரிக்ஸ் என்ற வெள்ளி வரை ஒரு கோடு இழுத்து, அதன் நடுவில் தேடவேண்டும். சித்திரை மாதத்தில் இரவு பத்து மணியளவில் அந்த இடம் எங்களுக்கு எங்கே வருகிறது தெரியுமா? உச்சந்தலையிலிருந்து மூன்றே பாகை வடக்கே. தளம் சறுக்குகிற அதே இடம்!

வழி இருக்கிறது. ஒன்றரை மணித்தியாலம் முந்தியோ பிந்தியோ பார்த்தால் கருவி பேச்சுக் கேட்கும். 25 மில்லிமீற்றர்த் துண்டைப் போட்டுக்கொண்டு மெல்ல மெல்ல நகர்த்துங்கள். முதலில் ஒன்றும் இல்லாத மாதிரி இருக்கும். நேரே பார்க்காமல் கண்ணைக் கொஞ்சம் ஓரமாக விட்டால் ஒரு சாம்பல் பொட்டு மெல்ல எழும்பும். வட்டமாக, நடு சற்றுக் கூடிய வெளிச்சமாக இருந்தால் அதுதான் எம்87. குழாயைக் கொஞ்சம் சரித்தால் எம்84, எம்86 என்ற இன்னும் இரண்டு பொட்டுகள் பக்கத்தில் வரும். அவ்வளவுதான், வேறு காட்சி கிடையாது. ஐந்தரைக் கோடி ஒளியாண்டு தள்ளி, நடுவில் 650 கோடி சூரியன்களின் திணிவோடு ஒரு கருந்துளை. மருமகள் கதிரையை விட்டு எழும்பவில்லை. அவளுடைய தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "உதென்ன, கண்ணாடியில ஊத்தையோ?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான். இரண்டு பேரும் பார்த்தது ஒன்றையேதான். யாருக்கு வாங்குகிறீர்கள் என்று யோசித்து வாங்குங்கள்.

தம்பிமாருக்கு வேறு தீனி இருக்கிறது. வியாழனின் நான்கு பெரிய நிலவுகளும் இரண்டு பட்டிகளும் 26 மடங்கிலேயே தெரியும். சனியின் வளையம் 65 மடங்கில் சின்னதாக, ஆனால் வெட்டி ஒட்டின மாதிரித் துல்லியமாக நிற்கும். 2025 மார்ச்சில் வளையம் விளிம்பைக் காட்டித் திரும்பியதால் கொஞ்ச நாள் கோடு மாதிரித்தான் இருந்தது. இனி வருசா வருசம் விரியும். திருவாதிரை இருக்கிற ஓரியன் கூட்டத்து நெபுலாவில், அந்த வாயு மேகத்துக்குள், நான்கு குழந்தை வெள்ளிகளைப் பிரித்துப் பார்க்கலாம். நிறம் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். பெட்டியில் அச்சடித்த ஊதாவும் சிவப்பும் கமரா நீண்ட நேரம் திறந்திருந்து சேர்த்த வெளிச்சம். மங்கலில் எங்கள் கண்ணுக்குச் சாம்பல்தான்.

அடுத்த கருந்துளை ஆவணியில். அன்னக் கூட்டத்தின் கழுத்தில் ஈற்றா சிக்னி என்று ஒரு வெள்ளி. அதற்கு அரைப் பாகை தள்ளி, ஒன்பதாம் தர ஒளிர்வில், அதாவது வெறுங்கண்ணுக்கு எட்டாத மங்கலில், ஒரு சாதாரணப் புள்ளி. அந்தப் புள்ளியும், கண்ணுக்குத் தெரியாத ஒரு துணையும் 5.6 நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றுகின்றன. அந்தத் துணைதான் சிக்னஸ் எக்ஸ்-1, எங்கள் சூரியனைப்போல் 21 மடங்கு திணிவு. 1964இல் ரொக்கற்றில் ஏற்றிய கருவி ஒன்றுதான் அதிலிருந்து வருகிற எக்ஸ் கதிரை முதலில் பிடித்தது. அது கருந்துளை இல்லை என்று பௌதிகவியலாளர் ஸ்டீபன் ஹோக்கிங் 1974இல் இன்னொரு பௌதிகவியலாளரான கிப் தோர்னிடம் பந்தயம் கட்டி, 1990இல் தோற்றதை ஒப்புக்கொண்டார். பார்க்கிறதுக்கு மற்ற வெள்ளிகளுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. கதை தெரிந்தவருக்குத்தான் அந்தப் புள்ளி.

எல்லாவற்றையும் விட என் ஓட்டு ஒமேகா சென்ராரி என்ற உருண்டை வெள்ளிக் கொத்துக்கு. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்து நிலவு தேய்ந்த கிழமைதான் தோதான கிழமை. இரவு ஒன்பது, பத்து மணிக்கு நேர் தெற்கே, அடிவானத்திலிருந்து 33 பாகை உயரத்தில் வெறுங்கண்ணுக்கே ஒரு மங்கல் உருண்டையாகத் தெரியும். 65 மடங்கில் வையுங்கள். சுளகில் தெள்ளி ஒதுக்கிய குறுணல் போல, எண்ணிமாளாத வெள்ளிகள். ஒரு கோடியளவு இருக்கும் என்கிறார்கள். அதன் நடுவில் சில வெள்ளிகள் இருக்கவேண்டியதை விட வேகமாக ஓடுவதை ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் இருபது வருசப் படங்களில் கண்டு, குறைந்தது 8,200 சூரியன்களின் திணிவுள்ள கருந்துளை ஒன்று அங்கே இருக்கவேண்டும் என்று 2024இல் எழுதினார்கள். மச்சானுக்கு இதைக் காட்டியபோது மனிதர் கொஞ்ச நேரம் பேசவில்லை. ரொறன்ரோவில் இது அடிவானத்துக்கு மேலே எழும்பவே எழும்பாது, லண்டனிலும் அப்படித்தான். அங்கேயிருந்து எங்களுக்குச் சாமான் அனுப்புகிறவர்களுக்கு இல்லாத வானம் எங்கள் கிணற்றடிக்கு மேலே நிற்கிறது.

இனிக் குறைகள். தெளிவாக்கத் திருகுகிற பகுதியின் புரி தளர்வு. திருகும்போது படம் பக்கவாட்டில் துள்ளும். தண்ணீர்க் குழாய்க்குச் சுற்றுகிற வெள்ளை ரேப்பை புரியில் இரண்டு சுற்றுச் சுற்றினால் சரி. குழாயின் நடுப்பகுதி திறந்த கம்பிகள்தான், பக்கத்து வீட்டு லைற் உள்ளே அடிக்கும். பழைய குடைச்சீலையைச் சுருக்குப் பை மாதிரித் தைத்துப் போட்டிருக்கிறேன். அது பல்லியையும் தடுக்கும். சிவப்புப் புள்ளிக் கருவியை அணைக்க மறந்தால் விடியப்புறம் பற்றரி செத்துக் கிடக்கும். சீ.ஆர். 2032, மணிக்கூடு திருத்துகிற கடையில் கிடைக்கும், இரண்டை வாங்கி வையுங்கள். கிரவல் றோட்டில் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோனால் கண்ணாடி அச்சு விலகும். திருப்பி ஒழுங்குபடுத்த ஒரு அலன் கீயும் அரைமணி நேரப் பொறுமையும் வேண்டும், செய்யச் செய்யக் கைக்கு வரும். தைப்பனி தரையைத் துளைக்கும் என்பார்கள், கண்ணாடியை விடுமா? பார்த்து முடிந்ததும் ஈரத்தோடு மூடாமல் உள்ளே கொண்டுபோய்க் காயவிட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும்.

சூரியனைப் பார்க்க, வெளிச்சத்தைக் குறைக்கிற வடி எதுவும் பெட்டியில் வராது. வடியில்லாமல் சூரியன் பக்கம் திருப்பினால் கண் போகும், திரும்ப வராது. 2019 டிசம்பர் 26இல் வட இலங்கைக்கு மேலாக வளையக் கிரகணம் போனது ஞாபகம் இருக்கும். 2031 மே 21இல் இன்னொன்று எங்கள் பக்கம் வருகிறது. அதற்குள் முன்பக்கம் மூடுகிற சரியான சூரிய வடியைத் தேடி வாங்கலாம்.

பெட்டிக்குள் வருகிற கையேட்டில் இல்லாத ஒன்றையும் சொல்லவேண்டும். வன்னியில் இரவு நேரம் இருட்டில், வானத்தைப் பார்த்துச் சரித்து வைத்த ஒரு தடித்த குழாய் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு எதை ஞாபகப்படுத்தும் என்று விளக்கத் தேவையில்லை. வீட்டு வளவுக்குள்ளேயே வையுங்கள். குளக்கட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம், அங்கே யானைப் பயமும் உண்டு. அயலுக்கு முதலே சொல்லி, கூப்பிட்டு ஒருமுறை காட்டிவிட்டால் நல்லது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா நிலாவின் பள்ளங்களைப் பார்த்த நாளிலிருந்து, என்ன அது என்று கேட்கிறவர்களுக்கு அவரே விளக்கம் சொல்கிறார். அம்மா மட்டும் குழாய்க்குள் பார்க்க வருவதில்லை. சர்வதேச விண்வெளி நிலையம் சத்தமில்லாமல் மேலே போகும்போது, "உது வண்டு இல்லைத்தானே?" என்று இன்னும் கேட்பா. சண்டைக் காலத்தில் மேலே சுற்றின ஆளில்லா வேவு விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர்தான் வண்டு. இல்லை அம்மா, அதுக்குள்ள ஆக்கள் இருக்கினம் என்றால், "பாவங்கள், எப்ப இறங்குவினம்?" என்பா.

வாங்கலாமா என்றால், வாங்கலாம். முதல் தொலைநோக்கிக்கு இதை விடப் பெரிது வேண்டாம், தூக்கி வெளியே வைக்கப் பஞ்சிப்பட்டு மூலையில் கிடக்கும். இதை விடச் சின்னதென்றால் 10க்கு 50 பைனோகுலர் (10 மடங்கு, 50 மில்லிமீற்றர் வில்லை) போதும், அரைவாசிக் காசுக்கும் குறைவு, ஒமேகா சென்ராரியும் அதில் தெரியும். மேலதிகமாக ஒன்று வாங்கக் காசிருந்தால் 6 மில்லிமீற்றர்ப் பார்வைத்துண்டு வாங்குங்கள், சனிக்கு 108 மடங்கு கிடைக்கும். ஐப்பசியில் ஓடர் போடாதீர்கள். பெட்டி வந்து சேர மழையும் தொடங்கிவிடும், தை பிறக்கும் வரை முகிலைத்தான் பார்க்கலாம். மாசியில் கையில் கிடைக்கிற மாதிரிச் சொல்லிவைத்தால் சித்திரைக்கு முன் கை பழகிவிடும்.