ரகசியக் கோப்புகளை அனுப்ப 7-ஜிப் போதுமா?

போதும், ஆனால் அமைப்புகளைக் கவனிக்க வேண்டும். 1999-இல் இகோர் பாவ்லோவ் வெளியிட்ட இந்த இலவசக் கோப்புச் சுருக்க மென்பொருள், சம்பளப் பட்டியலோ மருத்துவ அறிக்கையோ எதுவானாலும் ஏஇஎஸ்-256 என்ற வலுவான குறியாக்க முறையில் பூட்டித் தருகிறது, கடவுச்சொல் நீளமாக இருந்தால் மின்னஞ்சல் நிறுவனத்தாலும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. எனக்குப் பிடிக்காத ஒன்று: ஜிப் வடிவத்தைத் தேர்ந்தெடுத்தால் பழைய, பலவீனமான ஜிப்கிரிப்டோ குறியாக்கம்தான் முதலில் நிற்கும், நாமே மாற்ற வேண்டும். அதனால் 7-ஜிப்பின் சொந்த வடிவமான 7இசட்டே நல்லது. அதிலும் கோப்புப் பெயர்களை மறைக்கும் கட்டத்தில் டிக் போடாவிட்டால், கடவுச்சொல் தெரியாதவருக்கும் பெயர்ப் பட்டியல் அப்படியே தெரியும், பெயரே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுமே! அப்புறம், கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதாதீர்கள், தொலைபேசியில் சொல்லுங்கள். பெறுபவரிடம் இதைத் திறக்கும் மென்பொருள் இருக்கிறதா என்றும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.