பழைய அஸ்பெஸ்டஸ் கூரை: கொன்சல்டன்டா, கொந்தராத்துக்காரரா, எங்கட டெக்னிக்கல் ஒபிசரா (டீ.ஓ)?

திருகோணமலைல ஒரு பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ கூரை மாத்த காசு வந்தா எல்லாரும் கதைக்கிறது புது சீட்டப் பத்தித்தான், கழட்டுற பழைய அஸ்பெஸ்டஸ ஆர் பாக்கிறது, வேலை முடிஞ்சு இடம் சுத்தம் எண்டு ஆர் கையெழுத்து வைக்கிறது எண்டு கேக்கிற ஆக்கள் குறைவு. எனக்கு அதுதான் முதல் கேள்வி. புதுக் கூரை ஒழுகினா திருத்தலாம், ஆனா அந்தத் தூள் நெஞ்சுக்குள்ள போனா வருத்தம் வெளில தெரிய 20 தொடக்கம் 50 வருசம் எடுக்கும், இண்டைக்கு ஆறாம் ஆண்டில படிக்கிற பிள்ளை அப்ப ஆரிட்ட போய் கேக்கிறது?

சட்டம் வரும் எண்டு காத்திருக்கவும் ஏலாது. வெள்ளை அஸ்பெஸ்டஸ 2018ல இருந்து படிப்படியா நிப்பாட்டுறம் எண்டு அரசாங்கம் சொல்லிச்சு, 2017 டிசம்பர்ல, எங்களுக்கு அஸ்பெஸ்டஸ் விக்கிற ரஷ்யா தேயிலைக்குள்ள வண்டு இருக்கெண்டு எங்கட தேயிலைய மறிக்க, அஸ்பெஸ்டஸ் தடையும் தள்ளிப் போச்சு. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் மனுசருக்கு புற்றுநோய் தாறதெண்டு உலக சுகாதார நிறுவனத்தின்ர புற்றுநோய் ஆய்வுப் பிரிவு சொல்லுது, எங்கட கடைல சீட் இன்னும் விக்குது.

சரி, நாலு வழி இருக்கு. முதலாவது, எல்லாத்தையும் கொந்தராத்துக்காரரிட்டயே விடுறது. பி.ஓ.கியூல (வேலையும் அளவும் விலையும் எழுதுற பட்டியல்) "பழைய கூரை கழட்டல்" எண்டு ஒரு வரி, அதுக்கு ஒரு விலை, பாக்க மலிவாத்தான் தெரியும். ஆனா எது ஆபத்து எண்டு பாக்கிறதும் அவர், கழட்டுறதும் அவர், முடிஞ்சுது எண்டு சொல்றதும் அவர். மருந்து விக்கிறவரே வருத்தத்தையும் சொல்ற மாதிரி இது. வேலை கூட வேணுமெண்டா நல்லா இருக்கிற சீட்டையும் கழட்டச் சொல்லுவார், வேலை சுணங்கும் எண்டா சீலிங்ல இருக்கிற தட்டைச் சீட்டையும் பழைய பீலிக் குழாயையும் காணாத மாதிரி விட்டுடுவார். எல்லாரும் அப்படி எண்டு சொல்லேல்ல, நல்ல பாஸ்மார் இருக்கினம், ஆனா நல்ல மனுசர நம்பி மட்டும் ஒரு பொதுக் கட்டடத்த நடத்தக் கூடாது. சுத்தியலால அடிச்சு கீழ எறியிறதும், உடைஞ்ச துண்டுகள ஆக்கள் கோழிக்கூட்டுக்கும் கக்கூசுக்கும் எடுத்துட்டுப் போறதும் இந்த வழியிலதான் நடக்குது.

ரெண்டாவது, கொழும்பில இருந்து ஒரு பெரிய கொன்சல்டன்சி கொம்பனிய முழு வேலைக்கும் பிடிக்கிறது. லாப் வசதி, இன்சூரன்ஸ், அனுபவம் எல்லாம் இருக்கும், ஆஸ்பத்திரி மாதிரி இடத்துக்கு நான் இதத்தான் சொல்லுவன். ஏனெண்டா நோயாளி படுத்திருக்கேக்க பக்கத்து வார்ட்டில வேலை நடக்கும், பழைய நீராவிக் குழாயச் சுத்தி இருக்கிற பொதிவு மாதிரி கையால நசிச்சாலே தூளாகிற சாமானும் இருக்கலாம், அது சீமெந்தோட இறுகின கூரைச் சீட்ட விட பல மடங்கு மோசம். ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு இது தேவையில்ல. செலவில இத்தனை வீதம் எண்டு ஃபீஸ் கேட்டா ஒத்துக்கொள்ளவே வேண்டாம், வேலை பெருக்கப் பெருக்க அவையின்ர காசும் பெருகும், சும்மா விட்டு பெயின்ட் அடிச்சு மூடி வைக்கலாம் எண்டு அவை ஏன் சொல்லப் போகினம்? உண்மையில உடையாத, துளை போடாத சீட்டுக்கு கனக்க நேரம் அதுதான் சரியான பதில்.

மூண்டாவது எங்கட டீ.ஓ. கட்டடத்தின்ர ஒவ்வொரு ஆணியும் அவருக்குத் தெரியும், 2020ல புரெவி புயல் வந்த மாதிரி ஒரு இரவு வந்தா அடுத்த நாள் காலமை உடைஞ்ச சீட்டப் பாக்க வாறதும் அவர்தான், கொழும்புக்காரர் இல்ல. ஆனா ட்ரெயினிங் இல்லாம, சாம்பிள் அனுப்ப காசு இல்லாம, "கெதியா முடி" எண்டு மேல இருந்து கோல் வந்துகொண்டிருக்கேக்க அவரிட்ட கையெழுத்து கேக்கிறது அநியாயம்.

நாலாவதுதான் பள்ளிக்கூடங்களுக்கு என்ர தெரிவு: கொந்தராத்துக்காரரோட ஒரு தொடர்பும் இல்லாத ஒரு கொன்சல்டன்ட, கட்டடத்துக்கு இவ்வளவு எண்டு ஒரே தொகைக்கு, ரெண்டு முனைக்கு மட்டும் பிடிக்கிறது. தொடக்கத்தில பாத்து சாம்பிள் எடுத்து எப்படிக் கழட்ட வேணும் எண்டு எழுதித் தாறதும், கடைசியில சோதிச்சு கையெழுத்து வைக்கிறதும் அவர், நடுவில வருசக்கணக்கா பாத்துக்கொள்றது டீ.ஓ. அமெரிக்காவில 1986ல பள்ளிக்கூடங்களுக்கு வந்த அஸ்பெஸ்டஸ் சட்டமும் கிட்டத்தட்ட இப்படித்தான் பிரிக்குது: தகுதி உள்ளவர் பாக்க வேணும், 3 வருசத்துக்கு ஒருக்கா திரும்ப முழுசாப் பாக்க வேணும், 6 மாசத்துக்கு ஒருக்கா ஒரு நோட்டம், பள்ளிக்கூட நிர்வாகத்துக்குள்ள இதுக்கெண்டு ஒரு பொறுப்பாளர். பிரிட்டன்லயும் மூடிக்கட்டி செய்யிற ஆபத்தான வேலை முடிய கடைசி சேர்ட்டிபிகேட் குடுக்கிறது அங்கீகாரம் உள்ள தனி ஆக்கள், காத்தில ஒரு மில்லிலீட்டருக்கு 0.01 அஸ்பெஸ்டஸ் நாருக்கு மேல இருந்தா உள்ள போக விடமாட்டினம்.

கொன்சல்டன்டோட ஒப்பந்தம் எழுதேக்க சில விசயத்த விட்டுக்குடுக்காதீங்க. சாம்பிள் எந்த லாப்புக்குப் போகுது எண்டு முதலே பேர் போட வேணும். கழட்டுற நாள்ல அவர் நேர்ல நிக்க வேணும், சீட்ட நனைச்சு, போல்ட்ட வெட்டி, உடைக்காம முழுசா இறக்கி, தடிச்ச பொலித்தீன்ல ரெண்டு சுத்து சுத்துறத கண்ணால பாக்க வேணும், சேர்ஜிக்கல் மாஸ்க்கோட மேல ஏறுறவர இறக்கி விட வேணும், அது இந்த நார மறிக்காது. கழிவு ஏத்துற ஆக்களிட்ட மத்திய சுற்றாடல் அதிகார சபையின்ர லைசன்ஸ் இருக்கா எண்டு பாத்து கொப்பி எடுத்து வைக்க வேணும். ரிப்போர்ட்ட தமிழ்லயும் கேளுங்க, படத்தோட, எந்த வகுப்பறை எந்தச் சீட் எண்டு. இங்கிலீஸ்ல மட்டும் இருந்தா அது அதிபரின்ர அலுமாரிக்குள்ளயே கிடக்கும், ஃபேன் பூட்ட வாற பொடியன் துளை போட்டுட்டுப் போயிடுவான். பழைய கதவு யன்னல் பெயின்ட்டில ஈயம் இருக்கா எண்டும் அதே பயணத்திலயே பாக்கச் சொல்லுங்க, 2013க்கு முதல் அடிச்ச பெயின்ட்ட நனைக்காம உரஞ்சக் கூடாது. கடைசிக் காசு, கடைசிக் கையெழுத்துக்குப் பிறகுதான்.

இன்னொண்டு, நாள் பாக்கிறது. ஆகஸ்ட் லீவில செய்யலாம் எண்டு நினைப்பீங்க, ஆனா அப்ப கச்சான் காத்து காய்ஞ்சு அடிக்கும், நனைச்ச சீட்டும் கொஞ்ச நேரத்தில காஞ்சிடும், தூள் பக்கத்து வளவுக்கும் போகும். மார்கழில மழை, ஈரச் சீட்டில சறுக்கி விழுந்தா உயிர் போகும். சித்திரை லீவுதான் இஞ்ச தோதான நேரம், அதுக்கு டெண்டர் போற வேகத்தப் பாத்தா கொன்சல்டன்ட் தை மாசத்துக்கு முதலே கட்டடத்த வந்து பாத்திருக்க வேணும், அப்ப வலயக் கல்வி அலுவலகத்துக்கான கடிதத்த பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஐப்பசிலயே எழுதிக் குடுக்கிறது நல்லம்.